கையில் அரிவாள் இருந்தால் அது ‘குடும்பச் சண்டை’ அல்ல: போலீஸுக்குப் போன் போன பிறகு என்ன நடக்க வேண்டும்?

“புருஷன் பொண்டாட்டி சண்டைங்க. நாம எதுக்கு நடுவுல?”

தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் ராத்திரி நேரத்தில் கேட்கக்கூடிய வாக்கியம் இது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். சில சமயம், வந்து நிற்கும் காவலரும் இதையேதான் சொல்வார். வாய்ச்சண்டை என்றால் இந்த ஒதுங்கல் ஒருவேளை சரியாக இருக்கலாம். ஆனால், கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் கையில் அரிவாள் இருந்தால்?

ஒரு கற்பனைக் காட்சி. தஞ்சாவூர் மாவட்டத்தின் கடலோர ஊரான அதிராம்பட்டினம். இரவு பதினொன்றரை மணி. குடித்துவிட்டு வந்த கணவர், கொல்லைப்புறத்தில் சொருகி வைத்திருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு மனைவியைத் துரத்துகிறார். அவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுகிறார். கையில் போன் இருக்கிறது. சார்ஜ் 14 சதவீதம்.

இந்தப் பெயரில்லாத பெண்ணுக்கு அடுத்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன கிடைக்க வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறை எங்கே சறுக்குகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆயுதம் வெளியிலிருந்து வருவதில்லை

அமெரிக்காவில் குடும்ப வன்முறை என்று போன் வந்தால், போலீஸ் முதலில் கேட்பது ‘வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா’ என்பதைத்தான். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு அர்த்தம் குறைவு. இங்கே ஆயுதம் அடுப்படியிலும் கொல்லையிலுமே இருக்கிறது. டெல்டாவில் கருக்கரிவாள், வெட்டரிவாள், மண்வெட்டி, கடப்பாரை இல்லாத விவசாய வீடு அபூர்வம். மீனவர் வீட்டில் மீன் வெட்டும் கத்தி. எல்லார் வீட்டிலும் அரிவாள்மனை.

சட்டமும் இதை அறிந்தே இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆன பொருள்களை ‘ஆயுதம்’ என்ற வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே வீட்டில் அரிவாள் வைத்திருப்பது குற்றமல்ல. அதை ஒருவர் மீது ஓங்கும் நொடியில்தான் கதை மாறுகிறது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(1) பிரிவின்படி, வெட்டும் கருவியால் வேண்டுமென்றே காயப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. அதே கருவியால் கொடுங்காயம் என்றால் 118(2): குறைந்தது ஓர் ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. கொல்லும் நோக்கம் தெரிந்தால் பிரிவு 109, கொலை முயற்சி. கணவர் அல்லது அவரது உறவினர் செய்யும் கொடுமைக்கு பிரிவு 85. பழைய 498ஏ தான் இது. இவை எதிலும் ‘வீட்டுக்குள் நடந்தால் தள்ளுபடி’ என்று ஒரு வரி கிடையாது.

போன் எங்கே போகிறது?

100 அல்லது 112-ஐ அழைத்தால், அழைப்பு நேராக உள்ளூர் ஸ்டேஷன் மேஜைக்குப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கட்டுப்பாட்டு அறையில் எடுத்து, மாவட்டத்துக்கும் பிறகு ஸ்டேஷனுக்கும் தகவல் தருகிறார்கள். போனை எடுப்பவருக்கு அதிராம்பட்டினத்தின் சந்து பொந்து தெரியாது. ‘அதிரை’ என்று ஊர்க்காரர்கள் சொல்வது அவருக்குப் புரியாமலும் போகலாம்.

அதனால் சொல்லும் வரிசை முக்கியம். லைன் கட்டாவதற்கு முன் முதல் பத்து நொடியில் சொல்ல வேண்டியவை:

• எங்கே: தஞ்சாவூர் மாவட்டம், ஊர், தெரு, பக்கத்தில் உள்ள பள்ளிவாசல், கோயில், பள்ளிக்கூடம் போன்ற அடையாளம்.
• ஆயுதம்: “அரிவாள் வச்சிருக்காரு” என்று வெளிப்படையாக. “சண்டை போடுறாரு” என்றால் அழைப்பின் அவசரமே வேறு.
• காயம் உண்டா, பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்களா.

பேச முடியாத நிலையில் ‘காவல் உதவி’ செயலி இருக்கிறது. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு காவல் துறை கொண்டுவந்தது. அதன் அவசர பட்டனை அழுத்தினால் இருப்பிடமும் சேர்ந்து போகும். ஆனால், முன்கூட்டியே இறக்கிப் பதிவு செய்து வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் பயன்படும். 181 பெண்கள் உதவி எண்ணும் 24 மணி நேரமும் உண்டு. கதவு உடைபடும் நிலையில் முதலில் 100 அல்லது 112. ஆலோசனைக்கும் தங்குமிடத்துக்கும் 181.

பக்கத்து வீட்டுக்காரரும் அழைக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 4 இதற்கென்றே இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது.

வந்த போலீஸ் செய்ய வேண்டியது

நம் மனதில் பதிந்த காட்சி இது: வாசலில் ஜீப். இரண்டு காவலர்கள். கணவருக்கு நாலு வார்த்தை திட்டு, மனைவிக்கு நாலு வார்த்தை புத்திமதி. “காலையில ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வாங்க.” ஜீப் கிளம்புகிறது. அரிவாள் அதே இடத்தில். குடித்தவர் அதே வீட்டில்.

ஆபத்து இருப்பது இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களில்தான். போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள் என்ற ஆத்திரமும் இப்போது சேர்ந்திருக்கிறது. போலீஸ் வருவதற்கு முன்பு இருந்ததை விட, வந்து போன பிறகு அந்த அறை பாதுகாப்பில்லாமல் ஆகிவிடக் கூடும்.

இதைத் தடுக்கச் சட்டத்தில் அதிகாரம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 168-ஆவது பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடக்காமல் தடுப்பது ஒவ்வொரு காவல் அதிகாரியின் கடமை என்கிறது. வேறு வழியில் தடுக்க முடியாது என்று தெரிந்தால், பிரிவு 170-ன் கீழ் முன்னெச்சரிக்கையாகக் கைது செய்து 24 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். ஒரு ராத்திரியைக் கடக்க 24 மணி நேரம் போதும். அதற்குள் அந்தப் பெண் அம்மா வீட்டுக்கோ, மருத்துவமனைக்கோ, நீதிமன்றத்துக்கோ போக முடியும்.

அரிவாளை அங்கேயே விட்டுப் போகவும் கூடாது. அது இப்போது வழக்குச் சொத்து. கைப்பற்றும்போது வீடியோ எடுக்க வேண்டும் என்பது புதிய சட்டத்தின் 105-ஆவது பிரிவு. காவலர் கையில் உள்ள செல்போனே போதும்.

அடுத்து, பெண்ணைத் தனியாக விசாரிப்பது. கணவர் நாலடி தூரத்தில் நிற்கும்போது “அடிச்சாராம்மா?” என்று கேட்டால், எந்தப் பதில் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, தகவல் கிடைத்த காவல் அதிகாரி அந்தப் பெண்ணிடம் ஐந்து விஷயங்களைச் சொல்லியாக வேண்டும் என்கிறது: பாதுகாப்பு உத்தரவு கேட்கும் உரிமை, உதவும் அமைப்புகள், பாதுகாப்பு அலுவலர், இலவச சட்ட உதவி, கொடுமை வழக்குப் பதியும் உரிமை. இவற்றைச் சொன்னதோடு வேலை முடிந்தது என்றும் ஆகாது. குற்றம் நடந்திருந்தால் வழக்கமான நடவடிக்கையையும் எடுக்க வேண்டும் என்று அதே பிரிவு முடிகிறது.

சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆரா?

தமிழ்நாட்டு ஸ்டேஷன்களில் புகார் கொடுத்தவர்களுக்குத் தெரிந்த ஒரு துண்டுத் தாள் உண்டு. சி.எஸ்.ஆர். ரசீது. புகார் வந்தது என்பதற்கான அத்தாட்சி அது, அவ்வளவுதான். வழக்குப் பதிந்ததாக அர்த்தமில்லை. ரசீதை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, ‘கேஸ் போட்டாச்சு’ என்று நம்பியிருப்பவர்கள் பலர்.

லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாகச் சொன்னது: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். அதே தீர்ப்பு, திருமணத் தகராறுகளில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று ஒரு விதிவிலக்கும் தந்தது. புதிய சட்டத்தின் 173(3) பிரிவும், 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த இடம் தருகிறது.

இந்த ஜன்னல் வழியாகத்தான் பல புகார்கள் வெளியே போகின்றன. ‘குடும்ப விவகாரம், விசாரிக்கிறோம்’ என்பது சட்டப்படி சரியான பதில்போலத் தோன்றும். ஆனால் அந்த விசாரணையின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான்: குற்றம் நடந்ததற்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்ப்பது. கையில் வெட்டுக்காயம், தரையில் ரத்தம், மூலையில் அரிவாள். இதில் முகாந்திரம் தேட 14 நாள் எதற்கு? கொலை முயற்சி என்றால் இந்த ஜன்னலே கிடையாது.

“இது எங்க லிமிட் இல்ல, மகளிர் ஸ்டேஷனுக்குப் போங்க” என்பது இன்னொரு பதில். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியது. அது நாட்டுக்கே முன்மாதிரி. பெண்கள் தயங்காமல் பேச ஓர் இடம் வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் அதையே காரணம் காட்டி, அதிராம்பட்டினத்தில் காயத்தோடு நிற்கும் பெண்ணை சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பட்டுக்கோட்டைக்கு ராத்திரியில் போகச் சொன்னால், நோக்கமே தலைகீழாகிவிடும். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்பதை 173-ஆவது பிரிவு இப்போது எழுத்திலேயே வைத்திருக்கிறது. பதிந்த பிறகு மாற்றிக்கொள்வது போலீஸின் வேலை. புகார் கொடுத்தவர் அலைய வேண்டியதில்லை.

ஸ்டேஷனில் பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

“கைது பண்ணக் கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கே?”

காவல் துறையினர் அடிக்கடி சொல்லும் நியாயம் இது. இதில் உண்மையும் இருக்கிறது. அர்னேஷ் குமார் வழக்கில் 2014 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 498ஏ புகார் வந்தவுடன் எந்திரம்போல எல்லாரையும் கைது செய்யக் கூடாது என்றது. வயதான மாமனார், வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார் வரை பெயர் சேர்த்த வழக்குகள் இருந்தன. அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தத் தீர்ப்பு கைதைத் தடை செய்யவில்லை. காரணத்தை எழுது என்றது. மீண்டும் குற்றம் செய்யாமல் தடுப்பது, சாட்சியை மிரட்டாமல் தடுப்பது ஆகியவை சட்டத்திலேயே உள்ள காரணங்கள். அரிவாளோடு கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர் விஷயத்தில், முதல் காரணத்தை எழுத அரைப் பக்கம் கூடத் தேவைப்படாது. வரதட்சணைத் தகராறில் சொன்ன எச்சரிக்கையை வெட்டுக்காயத்துக்குப் பொருத்துவது தீர்ப்பைத் தப்பாகப் படிப்பது.

“அவங்களே கேஸ் வேணாம்னு சொல்றாங்க”

இதுவும் பல நேரம் உண்மைதான். கணவர் ஜெயிலுக்குப் போனால் வருமானம்? பிள்ளைகளின் ஃபீஸ்? ஊர் என்ன பேசும்? நிறைய பெண்களுக்கு வேண்டியது தண்டனை அல்ல. அடி நிற்க வேண்டும். மருத்துவமனையில் ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொல்வதும் இதனால்தான்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) இந்த மௌனத்தை எண்ணில் காட்டியது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி சுமார் 29 சதவீதம். வன்முறையைச் சந்தித்த பெண்களில் உதவி கேட்டவர்கள் இந்திய அளவில் 14 சதவீதம் மட்டுமே. ஆக, ஒரு பெண் 100-ஐ அழுத்துகிறார் என்றால் அது முதல் அடி விழுந்த நாளாக இருக்க வாய்ப்பு குறைவு.

வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடலாமா? இதற்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009-ல் தந்த ஒரு தீர்ப்பு பாடம். துருக்கியில் ஒரு கணவர் மனைவியையும் மாமியாரையும் ஆண்டுக்கணக்கில் தாக்கிவந்தார். அடித்தார், காரை ஏற்றினார். 2001-ல் மனைவியைக் கத்தியால் ஏழு முறை குத்தினார். அதற்கு விதித்தது ஒரு சிறு அபராதம், அதையும் தவணையில் கட்டலாம் என்றார்கள். பெண்கள் இருவரும் பலமுறை புகாரைத் திரும்பப் பெற்றார்கள். அதிகாரிகளும் குடும்ப விஷயம் என்று கோப்பை மூடினார்கள். 2002 மார்ச்சில் அந்த மாமியார் சுட்டுக் கொல்லப்பட்டார்.

‘ஓபுஸ் எதிர் துருக்கி’ என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் அரசைக் குற்றவாளி என்றது. மிரட்டலுக்குப் பயந்துதான் புகாரைத் திரும்பப் பெறுகிறார்களா என்று பார்த்திருக்க வேண்டும். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்த பிறகு, புகார் இல்லை என்பது சாக்காகாது என்பதே தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. அதன் நியாயம் பட்டுக்கோட்டைக்கும் பொருந்தும்.

சிறை வேண்டாம், பாதுகாப்பு வேண்டும் என்றால்?

இதற்குத்தான் 2005 சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். மனைவிக்கு மட்டுமல்ல, மகனிடம் அடி வாங்கும் அம்மாவும், அண்ணனிடம் அடி வாங்கும் தங்கையும் இதில் வரலாம். பெண் இப்போது தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனு போடலாம்.

வன்முறையை நிறுத்தும் உத்தரவு, வீட்டை விட்டு வெளியேற்றாமல் இருக்கும் உத்தரவு, தேவைப்பட்டால் கணவரை வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லும் உத்தரவு, ஜீவனாம்சம், பிள்ளைகளின் பொறுப்பு எல்லாம் கேட்கலாம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வராமலே இடைக்கால உத்தரவு தர 23-ஆவது பிரிவு இடமளிக்கிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை மறுக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உத்தரவு வெறும் தாள் அல்ல. மீறினால் ஓர் ஆண்டு வரை சிறை, பிணையில் வர முடியாத குற்றம். ஆனால் தாளை உயிரோடு வைத்திருப்பது போலீஸ்தான். அமெரிக்காவின் காஸில் ராக் நகரில் 1999-ல் ஒரு தாய், நீதிமன்றத் தடை உத்தரவை மீறித் தன் மூன்று மகள்களைக் கணவர் கொண்டுபோய்விட்டார் என்று போலீஸை மீண்டும் மீண்டும் அழைத்தார். பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். விடிவதற்குள் அந்த ஆள் ஸ்டேஷனுக்கே வந்து சுட்டார். போலீஸ் திருப்பிச் சுட்டதில் இறந்தார். அவருடைய வண்டிக்குள் மூன்று பிள்ளைகளின் உடல்கள் இருந்தன.

பெண் திருப்பி அடித்தால்?

2012 பிப்ரவரியில் மதுரையில் நடந்தது நினைவிருக்கலாம். குடித்துவிட்டு வந்து சொந்த மகளிடமே பாலியல் அத்துமீறலுக்கு முயன்ற கணவரை, மனைவி கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவர் இறந்துவிட்டார். அப்போதைய மாவட்ட எஸ்.பி. அஸ்ரா கார்க், இது தற்காப்பு என்று முடிவெடுத்து, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின் அடிப்படையில் அந்தப் பெண்ணை விடுவித்தார். அந்தப் பிரிவு இப்போது நியாய சன்ஹிதாவில் 38.

சட்டத்தைச் சரியாகப் படித்த அதிகாரி என்ன செய்ய முடியும் என்பதற்கு அது ஒரு நல்ல சான்று. அதே நேரத்தில் அந்தச் சம்பவம் இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு பெண் மட்டையை எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால், அதற்கு முன்பு கிடைத்திருக்க வேண்டிய எத்தனையோ உதவிகள் கிடைக்காமல் போயிருக்கின்றன.

போலீஸ் தரப்பிலும் நியாயம் இருக்கிறது

சிறிய ஸ்டேஷன்களில் இரவுப் பணியில் இருப்பவர்கள் சிலர்தான். திருவிழா, பந்தோபஸ்து, விபத்து எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள். ஆயுதத்தோடு நிற்பவரின் வீட்டுக்குள் நுழைவது காவலர் உயிருக்கும் ஆபத்து. லத்தியோடு மட்டும் போகும் காவலரைக் குறை சொல்லிவிட்டு நகர்வது சுலபம். பயிற்சியும் ஆளும் கொடுக்காமல் கேள்வி மட்டும் கேட்பது நியாயமல்ல.

ஆனால் பணம் அதிகம் தேவைப்படாத மாற்றங்களும் இருக்கின்றன. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2005 முதல், இத்தகைய வீடுகளுக்குப் போகும் காவலர் 11 கேள்விகள் கொண்ட ஒரு தாளை வைத்திருக்கிறார். ஆயுதத்தால் மிரட்டியிருக்கிறாரா, கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாரா, கொன்றுவிடுவார் என்று உங்களுக்கே தோன்றுகிறதா என்பவை முதல் மூன்று. ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் அங்கிருந்தே உதவி மையத்துக்குப் போன் போகும். இதைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்?

மாற வேண்டியவை

ஒன்று: அழைப்பில் ‘ஆயுதம்’ என்ற சொல் வந்துவிட்டால் அதைக் குடும்பத் தகராறு என்று பதியக் கூடாது. உயிர் ஆபத்து அழைப்பு என்றே பதிய வேண்டும்.

இரண்டு: சேர்ந்து வாழச் சொல்லி எழுதி வாங்கி அனுப்பும் பழக்கம் இத்தகைய வழக்குகளில் முடிவுக்கு வர வேண்டும். ஜமாத்தோ, ஊர்ப் பஞ்சாயத்தோ, நாட்டார்களோ ஜீவனாம்சத்துக்கும் பிரிவுக்கும் வழி பேசலாம். வெட்டுக்காயத்துக்கு ராஜி பேச யாருக்கும் அதிகாரம் இல்லை.

மூன்று: அன்றிரவே பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் போக வேண்டும். அவர் அலுவலகம் தஞ்சாவூரில். பெண் இருப்பது அதிராம்பட்டினத்தில். அந்தத் தூரத்தை அவரைப் பஸ் ஏறிக் கடக்க விடக் கூடாது.

நான்கு: ஜீப் மறுநாளும் அந்தத் தெருவுக்கு வர வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனால் போதும். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், அவருடைய கணவருக்கும் தெரியும்.

நீங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால்: நடுவில் போய் அரிவாளைப் பிடுங்க வேண்டாம். போன் செய்யுங்கள், தெருமுனையில் நின்று போலீஸுக்கு வழி காட்டுங்கள், பிள்ளைகளை உங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். காயம் என்றால் 108. மருத்துவமனையில் எப்படி ஏற்பட்டது என்பதை உண்மையாகச் சொல்லச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் ஏறும் அந்த ஒரு வரி பிறகு வழக்கையே தாங்கும்.

தாழ்ப்பாள் போட்ட அறையில் இருப்பவருக்குச் சட்டப் பிரிவு எண்கள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் செய்ய வேண்டியது ஒரு போன். மற்றதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியவர்கள், அந்தப் போனை எடுப்பவர்களும் அந்த வாசலுக்கு வந்து நிற்பவர்களும்தான்.